ஜப்பான் தொடர்களில் தனிமை ஏன் சிரிப்பு மூட்டுகிறது, சிரித்து முடித்த பிறகும் ஏன் தனிமையாகவே இருக்கிறது?

#1 ஒற்றைப்பனை

பல மாதமாக இந்தக் கேள்வி எனக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. நேற்று ராத்திரி 'குவார்டெட்' மூன்றாம் அத்தியாயத்தை இன்னொரு தடவை பார்த்தேன், அதற்கு மேல் எழுதாமல் இருக்க முடியவில்லை. நீளமாகத்தான் போகும். கதையின் முக்கியமான இடங்களையும் சொல்லிவிடுவேன், பார்க்காதவர்கள் கவனம்.

2017ல் டிபிஎஸ் சேனலில் வந்த தொடர் இது. எழுதியவர் சகாமோதோ யூஜி. கருயிசாவா என்ற மலையூரில் ஒரு பழைய வில்லா, அதில் முப்பதைத் தாண்டிய நான்கு வாத்தியக்காரர்கள், நான்கு பேருக்கும் இசையில் பெரிதாக எதுவும் கைகூடவில்லை, நான்கு பேரிடமும் மறைக்க ஏதோ இருக்கிறது. குழுவுக்கு அவர்கள் வைத்துக்கொண்ட பெயர் 'டோனட்ஸ் ஹோல்', நடுவில் ஓட்டை இருந்தால்தானே டோனட்.

முதல் அத்தியாயத்தில் சாப்பாட்டு மேசையில் ஒரு பெரிய தட்டு நிறையக் கராகே, அதாவது பொரித்த கோழி. இரண்டு பேர் யாரையும் கேட்காமல் தட்டு முழுக்க எலுமிச்சையைப் பிழிந்துவிடுகிறார்கள். குழுவில் ஒருவனான இயெமோரி அதிர்ந்துபோகிறான். ஏன் பிழிந்தீர்கள், மொறுமொறுப்பு போச்சே, பிழிந்ததைத் திரும்ப எடுக்க முடியுமா என்று ஆரம்பித்து, வழக்கு மன்றத்தில் வாதாடுவது போல விடாமல் பேசுகிறான். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அப்புறம் அதே அத்தியாயத்தில், குழுவில் ஒருத்தியான மகி தன் கணவனைப் பற்றிச் சொல்கிறாள். ஒரு வருஷத்துக்கு முன் காணாமல் போனவன். அதற்கு முன்னால் ஒரு நாள், வெளியே ஒரு கடையில் அவன் வேறொருவரோடு உட்கார்ந்து, எனக்கு எலுமிச்சை பிடிக்காது என்று சொல்வதை அவள் தற்செயலாகக் கேட்டுவிடுகிறாள். வீட்டில் அவன் சாப்பிடும் கராகே மேல் எப்போதும் அவள்தான் எலுமிச்சை பிழிந்திருக்கிறாள், அவனும் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டிருக்கிறான்.

கொஞ்ச நேரம் முன்னால் என்னைச் சிரிக்க வைத்த அதே எலுமிச்சைதான். வேறு எதையும் அந்த எழுத்தாளர் கொண்டுவரவில்லை.

மூன்றாம் அத்தியாயத்தில் செல்லோ வாசிக்கும் சுசுமேயின் அப்பா ஆஸ்பத்திரியில் சாகக் கிடக்கிறார். சின்ன வயதில் அவளை அபூர்வ சக்தி உள்ள சிறுமி என்று டிவியில் காட்டி ஊரை ஏமாற்றியவர் அவர். அந்தப் பழி அவளை விட்டுப் போகவே இல்லை. அவளுக்கு அவரைப் பார்க்கப் போக மனம் வரவில்லை. தேடிவந்த மகியும் அவளும் ஒரு சின்னக் கடையில் காத்சுடோன், அதாவது பொரித்த பன்றிக்கறி போட்ட சோறு, சாப்பிட உட்காருகிறார்கள். மகி அறிவுரை சொல்லவில்லை, பெற்றவர் ஆயிற்றே என்றும் சொல்லவில்லை. போக வேண்டாம், வீட்டுக்குப் போகலாம் என்கிறாள். அதற்கு அவள் சொல்லும் நியாயம், நாம் எல்லோரும் ஒரே ஷாம்பூதானே போடுகிறோம் என்பது மாதிரியான நியாயம். சிரிப்பு வந்துவிட்டது, வந்த அதே நொடியில் தொண்டை அடைத்துவிட்டது. சுசுமே அழுதபடியே சோற்றை வாயில் போட்டுக்கொண்டிருக்கிறாள். அழுதுகொண்டே சோறு தின்றவர்கள் பிழைத்துக்கொள்வார்கள் என்கிறாள் மகி.

நான் புரிந்துகொண்டது இதுதான். இந்தத் தொடர்கள் தனியாக இருப்பவரைக் கேலி செய்வதில்லை. அவர் தன் எலுமிச்சையை, ஷாம்பூவை, ஒரு கிண்ணம் சோற்றை எவ்வளவு மும்முரமாக எடுத்துக்கொள்கிறார் என்பதில்தான் நமக்குச் சிரிப்பு வருகிறது. சிரித்து முடித்த பிறகும் அவருடைய தனிமை இருந்த இடத்திலேயே இருக்கிறது, யாரும் அதைத் துடைத்து எடுத்துவிடுவதில்லை. உங்களுக்கும் இப்படித் தோன்றியிருக்கிறதா?

#2 பசிக்குது

'கொதொகு நோ குருமே'யைச் சொல்லாமல் இந்தப் பேச்சு நிறையாது. தலைப்பிலேயே 'கொதொகு', அதாவது தனிமை, இருக்கிறது. 2012 ஜனவரியில் டிவி டோக்கியோவில் நள்ளிரவுத் தொடராக ஆரம்பித்தது, கதை குசுமி மசாயுகி எழுதி தானிகுச்சி ஜிரோ வரைந்த மாங்கா, அதாவது சித்திரக்கதை.

கதை என்று ஒன்றுமே கிடையாது. கோரோ வெளிநாட்டுச் சாமான்களைத் தருவித்து விற்கும் தனி வியாபாரி. வாடிக்கையாளரைப் பார்க்க ஏதோ ஒரு பேட்டைக்குப் போகிறான், வேலை முடிகிறது, நடுத்தெருவில் நின்றுவிடுகிறான். பசி. கேமரா மூன்று தடவை டக் டக் டக் என்று பின்வாங்கி, பெரிய தெருவில் அவனைச் சின்ன ஆளாக்கிக் காட்டுகிறது. கோரோவாக நடிக்கும் மட்சுஷிகே யுதாகா ஆறடியைத் தாண்டிய உயரம், கல்லில் செதுக்கிய மாதிரி முகம். அந்த முகத்தை வைத்துக்கொண்டு, கறி முதலில் வேண்டுமா சோறு முதலில் வேண்டுமா என்று மனதுக்குள் போர்த்தளபதி மாதிரி திட்டம் போடுவார். வாயைத் திறந்து பேசுவது கடைக்காரரிடம் மட்டும்தான்.

நான் கவனித்த ஒன்று. பக்கத்து மேசைக்காரர்கள் சாப்பிடுவதை அவன் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருப்பான், அது என்ன, அதையும் சொல்லியிருக்கலாமே என்று. ஆனால் ஒரு தடவைகூட அவர்களோடு போய் உட்கார ஆசைப்பட மாட்டான். நம் கதைகளில் தனியாகச் சாப்பிடுகிறவனை யாராவது கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்துவிடுவார்கள், அதுதான் நல்ல முடிவு. இங்கே அவன் பில் கொடுத்துவிட்டுத் தெருவில் இறங்கி நடந்துவிடுகிறான். 2025 ஜனவரியில் மட்சுஷிகேயே இயக்கித் திரைப்படமாகவும் வந்துவிட்டது.

#3 நிஷிகசாய்_ரயிலடி

நான் டோக்கியோவில் எதோகாவா வார்டில் இருக்கிறேன். நம்மவர்கள் நிறையப் பேர் இருக்கும் பகுதி, ஆனாலும் வந்த முதல் குளிர்காலத்தில் சில வாரங்கள் அலுவலகப் பேச்சைத் தவிர வாயே திறக்காமல் கழிந்தது உண்டு. அப்போது பழகியது கடை வாசலில் டிக்கெட் மெஷின் இருக்கும் 'சோபா' என்ற நூடுல்ஸ் கடைகள். காசைப் போட்டுப் பொத்தானை அழுத்தினால் சீட்டு வரும், அதைக் கவுன்டரில் வைத்தால் போதும், கொஞ்ச நேரத்தில் கிண்ணம் வந்துவிடும். எல்லா ஸ்டூலிலும் ஒற்றை ஆட்கள், முகத்தில் ஆவி அடிக்கக் குனிந்து உறிஞ்சிக்கொண்டிருப்பார்கள். அந்த வரிசையில் ஒருவனாக உட்கார்ந்த அன்றைக்குத்தான் கோரோவின் தொடர் எனக்கு விளங்கியது.

ஒரு சொல்லைப் பற்றிச் சொல்ல ஆசை. கடைக்குள் தனியாக நுழைந்தால் 'ஓஹிதோரிசாமா?' என்று கேட்பார்கள். 'ஹிதோரி' என்றால் ஒரு ஆள், முன்னால் 'ஓ', பின்னால் 'சாமா', இரண்டுமே மரியாதைக்கு. ஒருத்தராக வந்திருக்கிறீர்களா என்பதையே அவ்வளவு பணிவாகக் கேட்கிறார்கள். அந்தச் சொல் அப்படியே தனியாக வாழ்பவர்களுக்கும் பெயராகிவிட்டது. நம்மிடம் இருப்பது ஒண்டிக்கட்டை, தனிக்கட்டை. ஒருவனை நாம் கட்டை என்கிறோம், அவர்கள் அதே ஆளுக்குச் 'சாமா' போடுகிறார்கள். இங்கே எல்லோரும் தனிமையை மதிக்கிறார்கள் என்று சொல்ல வரவில்லை, கல்யாணம் ஆகவில்லையா என்ற கேள்வி இங்கேயும் நிறையக் கேட்கப்படுகிறது. ஆனால் அந்தச் சொல்லில் இருக்கும் பணிவு நகைச்சுவை எழுதுகிறவர்களுக்குப் பெரிய வசதி. அதை வைத்து அவமானப்படுத்தாமல் சிரிக்க வைக்கலாம்.

#4 நேர்கோடு

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன், எனக்கு இதில் உடன்பாடு இல்லை, நேராகவே சொல்லிவிடுகிறேன்.

ஜப்பானில் 2020 கணக்கெடுப்பின்படி நூறு வீட்டில் 38 வீடு ஒற்றை ஆள் வீடு. 2021ல் தனிமைக்கென்றே ஒரு அமைச்சரை நியமித்தார்கள். 2024ல் மட்டும் தனியாக வசித்து வீட்டிலேயே இறந்தவர்கள் 76,000க்கு மேல் என்று காவல்துறையே கணக்குக் கொடுத்தது, பெரும்பாலானவர்கள் 65 வயதைத் தாண்டியவர்கள். சிலர் இறந்தது அக்கம்பக்கத்துக்குத் தெரிய வாரக்கணக்கில் ஆகியிருக்கிறது. அதற்குக் 'கொதொகுஷி' என்று தனிப் பெயரே இருக்கிறது.

இப்போது டிவியில் யார் தனியாக இருக்கிறார்கள் என்று பாருங்கள். கோரோவிடம் சொந்தத் தொழில், கையில் காசு. 2006ல் வந்த 'கெக்கோன் தெகினாய் ஓதோகோ'வில் அபே ஹிரோஷி பேர்பெற்ற கட்டடக் கலைஞர், நல்ல அடுக்ககம், ராத்திரி சிம்பொனி இசையைப் போட்டுவிட்டுத் தானே கையை வீசி நடத்துவார், தனியாக யாகினிகு கடைக்குப் போய்க் கறி சுட்டுச் சாப்பிடுவார். பார்க்க ரொம்ப அழகுதான். ஆனால் மாதக் கடைசியில் கையில் ஒன்றும் இல்லாத கிழவருடைய தனிமை எங்கே? அதில் சிரிப்பு வருமா?

எனக்கு இது வெறும் விவாதம் இல்லை. அம்மா போன பிறகு அப்பா கிராமத்தில் தனியாகத்தான் இருக்கிறார், தஞ்சாவூர்ப் பக்கம். தினமும் ராத்திரி போனில் சாப்பிட்டாச்சா என்று கேட்பேன், ஆச்சு என்பார், அதோடு பேச்சு முடிந்துவிடும். அந்த 'ஆச்சு'வில் எனக்குச் சிரிக்க எதுவும் இல்லை.

#5 ஒற்றைப்பனை

நேர்கோடு, நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி, அப்பாவைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் பதில் எழுத முடியவில்லை. உங்கள் கேள்வியை நேராக எடுத்துக்கொண்ட தொடர் ஒன்று இருக்கிறது. 2025ல் என்எச்கேயில் ஆறு அத்தியாயமாக வந்த 'ஹிதோரி தே ஷினிதாய்', தனியாகச் சாக ஆசை என்று அர்த்தம். நாருமிக்கு முப்பத்தொன்பது வயது, அருங்காட்சியகத்தில் வேலை, கூட ஒரு பூனை. சின்ன வயதில் அவள் அண்ணாந்து பார்த்த அத்தை ஒருத்தி, கல்யாணம் செய்யாமல் சொந்தக் காலில் நின்றவள், குளியல் தொட்டியில் தனியாக இறந்து கிடந்து நாள் கழித்துத்தான் கண்டுபிடிக்கப்படுகிறாள். உடல் இருந்த நிலையை அந்தத் தொடர் மழுப்பவில்லை.

அங்கே ஆரம்பித்து அதைச் சிரிப்புத் தொடராகக் கொண்டுபோகிறார்கள். பயந்துபோன நாருமி உடனே மாப்பிள்ளை தேட ஓடுகிறாள், அவளைவிட இளைய சக ஊழியன் ஒருவன், கல்யாணம் பண்ணினால் தனியாகச் சாக மாட்டோம் என்று இன்னுமா நம்புகிறீர்கள் என்று முகத்துக்கு நேரே கேட்டுவிடுகிறான். அப்புறம் அவள் தன் சாவுக்குத் தயாராக ஆரம்பிக்கிறாள், அதற்கு முன் பெற்றோரின் முதுமைக்கு. அதற்காக அவள் போடும் திட்டங்களில்தான் சிரிப்பு, நடுவே பணம், ஓய்வூதியம், அம்மா அப்பாவின் கசந்துபோன கல்யாணம் எல்லாம் வருகிறது.

நாருமியாக நடித்தது அயாசே ஹாருகா. 2007ல் 'ஹோதாரு நோ ஹிகாரி'யில் அலுவலகத்தில் டிப்டாப்பாகவும், வீட்டில் பழைய விளையாட்டு உடுப்போடு தாழ்வாரத்தில் பீரும் கையுமாகப் படுத்தும் கிடக்கும் பெண்ணாக நடித்தாரே, அவரேதான். அந்த மாதிரிப் பெண்ணுக்கு அந்தக் கதை கொடுத்த பெயர் 'ஹிமோனோ ஓன்னா', கருவாட்டுப் பெண். காதல் ஈரம் வற்றிக் காய்ந்துபோனவள் என்று அர்த்தம். அந்தக் கருவாட்டுப் பெண்ணின் முகமே பதினெட்டு வருஷம் கழித்துத் தன் சாவைப் பற்றி யோசிக்கும் பெண்ணின் முகமாக வருகிறது. இரண்டையும் பார்த்தவர்களுக்கு அந்த இடைவெளியே ஒரு கதை.

#6 திண்ணைக்காரர்

வயதில் மூத்தவன் என்பதால் கொஞ்சம் பின்னால் போகிறேன். இது புதுசாக வந்த பழக்கம் இல்லை. தோரா-சான் தெரியுமல்லவா, ஊர் ஊராகப் போய்ச் சில்லறைச் சாமான் விற்கும் நாடோடி, எங்கே போனாலும் ஒரு பெண்ணிடம் மனதைப் பறிகொடுத்துத் தனியாகவே திரும்புவான். திரைப்படமாகத்தான் பலருக்குத் தெரியும், ஆனால் 1968ல் ஃபுஜி டிவியில் தொடராகத்தான் பிறந்தது, யமதா யோஜி எழுதியது. 26 அத்தியாயம் ஓடி, கடைசியில் அமாமி தீவில் ஹாபு என்ற விஷப்பாம்பு கடித்துத் தோரா செத்துப்போவதாக முடித்துவிட்டார்கள். பார்த்தவர்கள் கொதித்துப்போய் டிவி நிலையத்துக்குப் போன் மேல் போன் போட்டார்கள். அதனால்தான் 1969ல் படமாக அவனுக்கு உயிர் கொடுத்தார்கள், அட்சுமி கியோஷி 1995 வரை 48 படங்களில் தோராவாக நடித்தார்.

தனிக்கட்டையாகத் திரிந்த ஒரு கோமாளியைச் சாக விடக்கூடாது என்று ஒரு நாடே சண்டை போட்டது. அவனுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள் என்று அவர்கள் சண்டை போடவில்லை, அதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அவன் அப்படியே இருக்கட்டும், உயிரோடு இருக்கட்டும் என்றுதான் கேட்டார்கள்.

#7 மூன்றாம்ஷிப்ட்

நான் நர்ஸ், மாதத்தில் பாதி நாள் இரவு வேலை. 'ஷின்யா ஷோகுடோ'வை நான் பார்த்ததெல்லாம் விடிகாலை மூன்று மணிக்கு, ஓய்வறையில், போனில், பாதிப் பாதியாக. நேர்கோடு அண்ணா கேட்ட காசில்லாதவர்களின் தனிமை இதில் நிறைய உண்டு.

டோக்கியோவில் ஷின்ஜுகுவின் சந்துக்குள் ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடை, நள்ளிரவு பன்னிரண்டிலிருந்து காலை ஏழு வரை. பலகையில் எழுதியிருப்பது பன்றிக்கறி மிசோ சூப்புச் சாப்பாடு ஒன்றுதான், அதோடு மது, அதுவும் ஒருவருக்கு மூன்றுக்கு மேல் கிடையாது. மற்றபடி கையில் பொருள் இருந்தால் கேட்டதைச் செய்து தருவார் மாஸ்டர். 2009ல் ஆரம்பித்த தொடர், மாஸ்டராகக் கொபாயாஷி கவோரு. அவர் கண்ணில் ஒரு வெட்டுத் தழும்பு இருக்கிறது, யாரும் ஏன் என்று கேட்பதில்லை, அவரும் மற்றவர்களைக் கேட்பதில்லை.

ரியூ என்று ஒரு ரவுடி வருவான், கறுப்புக் கண்ணாடி, சிரிக்கவே மாட்டான். அவன் சாப்பிடுவது ஆக்டோபஸ் மாதிரி கால் கால் ஆக நறுக்கிப் பொரித்த சிவப்புச் சாசேஜ், ஜப்பானில் அம்மாக்கள் பிள்ளைகளின் டிபன் டப்பாவில் வைத்துக் கொடுப்பது. அதைப் பார்த்த உடனே சிரிப்பு வரும். பக்கத்தில் உட்காரும் கொசுசு, ஆண்களை விரும்பும் முதியவர், பார் நடத்துபவர், இனிப்பு முட்டை ரோல் கேட்பார். இருவரும் ஒரு நாள் தட்டை மாற்றிக் கொஞ்சம் கொஞ்சம் ருசி பார்க்கிறார்கள். அவ்வளவுதான் அவர்கள் நட்பு. இரண்டாவது அத்தியாயத்தில் யாருக்கும் தெரியாத ஒரு என்கா பாடகி, பழைய பாணி ஜப்பானியப் பாட்டுப் பாடுகிறவள், வருகிறாள், அவள் கேட்பது 'நெகோமாம்மா', பூனைச்சோறு, சுடுசோற்றில் மீன் சீவலும் சோயாவும் போட்டது, அவ்வளவு மலிவு. அவளுக்கு ஒரு வழியாகப் பெயர் கிடைக்கிறது, அதற்குள் உடம்பு போய்விடுகிறது.

எங்கள் வார்டில் யாரும் பார்க்க வராத நோயாளிகள் இருக்கிறார்கள். அவர்களிடம் வலி எப்படி இருக்கிறது என்று கேட்டால் ஒரு வார்த்தையில் பதில் வரும். வீட்டில் இருந்தால் இந்நேரம் என்ன சாப்பிடுவீர்கள் என்று கேட்டால் அரை மணி நேரம் பேசுவார்கள், நடுவில் சிரிப்பார்கள், கஞ்சிக்குத் துவையலா சுட்ட கருவாடா என்று என்னோடு சண்டையே போடுவார்கள். மாஸ்டர் செய்வதும் இதுதான் என்று எனக்குத் தோன்றும்.

#8 ஒற்றைப்பனை

நன்றி தங்கச்சி. விரக்தியைப் பற்றியும் ஒன்று சேர்க்கிறேன், தனிமையும் விரக்தியும் ஒன்றில்லை. நோகி அகிகோ எழுதிய 'அன்நேச்சுரல்', 2018. பிரேதப் பரிசோதனை செய்யும் டாக்டர் மிகோதோ, சின்ன வயதில் குடும்பத்தோடு கொல்லப்பட இருந்து தப்பியவள். தொடரில் நாம் அவளை முதலில் பார்ப்பதே, காலையில் உடை மாற்றும் அறையில் உட்கார்ந்து இறால் பொரித்துப் போட்ட தென்தோன் சோற்றை வாய்நிறைய அள்ளிக்கொண்டிருக்கும்போதுதான். விரக்தி அடைய நேரம் இருந்தால் நல்லதாக எதையாவது சாப்பிட்டுவிட்டுத் தூங்குவேன் என்று ஓரிடத்தில் சொல்கிறாள். அவளுடைய கதை முழுவதும் தெரிந்த பிறகு அதைக் கேட்டால் அது தமாஷான வசனமாகவே இல்லை. அப்படிச் சாப்பிட்டுச் சாப்பிட்டுத்தான் இத்தனை வருஷம் வந்திருக்கிறாள்.

#9 பசிக்குது

'பிரஷ் அப் லைஃப்' (2023) யாராவது? நடிகை அந்தோ சகுராவின் பாத்திரம் முப்பத்து மூன்று வயதில் விபத்தில் செத்து, மேலுலகத்தில் ஒரு வெள்ளை அறைக் கவுன்டருக்குப் போகிறாள், அடுத்த பிறவி குவாதமாலாவில் எறும்புத்தின்னி என்று அலுவலர் அமைதியாகச் சொல்கிறார். அந்த அலுவலராக நடித்தவர் கதையை எழுதிய பகாரிசுமுவேதான். எறும்புத்தின்னி வேண்டாம் என்று அதே வாழ்க்கையைப் புண்ணியம் சேர்த்துத் திரும்ப வாழ வருகிறாள், அடுத்த தடவை கானாங்கெளுத்தி மீன், அதற்கடுத்து கடல் முள்ளெலி. இதுவரை சிரிப்பு. பின்பாதியில் தெரியவருகிறது, மாரி என்ற ஒருத்தியும் இதே மாதிரி பிறந்து பிறந்து வருகிறாள், தன் தோழிகள் இருக்கும் விமானத்தைக் காப்பாற்றுவதற்காகப் படித்துப் படித்து பைலட் ஆகிறாள். அந்த மும்முரத்தில் அந்தத் தோழிகளோடு பழகவே நேரம் இல்லாமல் போய்விடுகிறது. எந்த உயிர்களுக்காக அத்தனை தடவை பிறக்கிறாளோ அவர்களுக்கு அவள் பழைய பள்ளியில் படித்த, குடும்பப் பெயர் சொல்லி மட்டும் கூப்பிடும் ஒரு 'உனோ-சான்', அவ்வளவே. இதைவிடப் பெரிய தனிமையை நான் டிவியில் பார்த்ததில்லை, அது இருப்பது எறும்புத்தின்னி ஜோக் சொல்லும் தொடரில்.

#10 நேர்கோடு

பத்து நாள் கழித்து வருகிறேன். இழை கீழே போயிருக்கும், பரவாயில்லை.

எண்கள் பற்றிச் சொன்னதில் எனக்கு மாற்றமில்லை, தொடர் பார்த்து யாருடைய வாடகையும் குறையாது. ஆனால் போன வாரம் ஊருக்குப் போயிருந்தேன். கோரோ தொடரின் முதல் அத்தியாயத்தை லேப்டாப்பில் போட்டு அப்பா முன்னால் வைத்தேன், மொன்சென்நகாச்சோ என்ற இடத்தில் யாகிதோரி சாப்பிடுவது. அவருக்கு சப்டைட்டில் படிக்க வராது, நான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே வந்தேன். பாதியில் என்னை நிறுத்திவிட்டார், நீ சொல்ல வேண்டாம்டா, அவன் முகத்தைப் பார்த்தாலே தெரியுது, அடுத்து அந்தக் குச்சிக்கறியைத்தான் எடுப்பான் பாரு என்றார். எடுத்தான். அப்பா சிரித்தார்.

நேற்று ராத்திரி போனில் வழக்கம்போல சாப்பிட்டாச்சா என்று கேட்டேன். ஆச்சு என்று வைத்துவிடுவார் என்று நினைத்தேன். மிளகு ரசம் வைத்தாராம், புளி கொஞ்சம் தூக்கலாகிவிட்டதாம், இரண்டு அப்பளத்தில் ஒன்று கருகிவிட்டது, கருகாததை முதலில் சாப்பிடுவதா கடைசிக்கு வைப்பதா என்று யோசித்துக் கடைசிக்கு வைத்தாராம், அதற்குள் அது நமுத்துப்போச்சு, மழைக்காலம் பாரு, நாளைக்கு முதல்லயே சாப்பிட்டுடணும் என்றார்.